எழுபத்தொரு தையல்காரர்கள்

"ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்திருந்தா சம்பளம் தருவாங்களாப்பா?"

முப்பது வருடங்களுக்கு முன்னால் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அப்பாவிடம் கேட்ட கேள்வி இது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். "என்ன வேலை பார்க்கிறீங்க" என்ற கட்டத்துக்கு அப்பா அப்போதுதான் "பாட்டில் ஃபாக்டரில உலை வேலை" என்று பதில் சொல்லி முடித்திருந்தார். ஊரிலிருந்த ஃபாக்டரி மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. உலை அணைந்தது தெரு முழுக்கத் தெரியும். ஆனாலும் அவர் தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போவார். பக்கத்து ஊர்ப் பாட்டில் ஃபாக்டரியில் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருந்தார். பள்ளியிலிருந்து ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு போனபோது, அவர் ரயில் நிலையத்துப் பெஞ்சில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை மகள் பார்த்துவிட்டாள். அதுவும் ஒரு வேலை போலிருக்கிறது என்று நினைத்தாள். அதனால்தான் கேட்டாள்.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்த அம்மா, தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கணக்கெடுக்க வந்தவர் அதே தெருவில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். உலைக்காரர் என்று தெருவில் பேர் பெற்ற அப்பாவுக்குச் சிறு வயதிலிருந்தே சிநேகிதர். அவர் எழுதியதை அடித்துவிட்டு நிதானமாகப் பேசினார். ஆண்களில் நாலில் ஒருத்தருக்கு வேலையில்லை என்று கணக்கில் வந்தால் அந்தப் பகுதிக்கு அரசு ஒரு பட்டறை கட்டித்தரப் போகிறது என்றும், வெட்கப்பட்டுக்கொண்டு ஆளாளுக்குப் பொய் சொன்னால் அது கைவிட்டுப் போய்விடும் என்றும் சொன்னார். தாளில் எழுதுவது வெளியே போகாது, அப்படிச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையை ஏற்றிருக்கிறேன் என்றார்.

உலைக்காரர் அடித்த வரியைப் பார்த்தார். பிறகு, "வேலை இல்ல. தேடிட்டிருக்கேன். எழுதிக்கோ," என்றார்.

கணக்கில் அந்தத் தெருவே ஒரு பகுதி. வாத்தியார் அதன் நூற்று அறுபது வீடுகளிலும் இப்படித்தான் உட்கார்ந்து பேசினார். சில வீடுகளுக்கு மூன்று தடவை போனார். பதினெட்டு நாளில் முடிக்க வேண்டியதை இருபத்தேழு நாள் இழுத்து, அதற்காக மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். பொய் சொல்லிக்கொண்டிருந்த ஆண்களெல்லாம் அவரிடம் உண்மையைச் சொன்னார்கள். உண்மையைச் சொன்ன பிறகு கொஞ்சம் லேசாகவும் ஆனார்கள். உலைக்காரர் டப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போவதை நிறுத்தினார். பட்டறை வந்தால் யார் யாருக்கு எந்த மெஷின் என்று டீக்கடையில் பேசிப் பங்குகூடப் போட்டுவிட்டார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து முடிவு வந்தது. அந்தப் பகுதியில் வேலையில்லாத ஆண்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். பட்டறை ஊரின் மறுபக்கத்துக்குப் போயிற்று.

அன்றைக்கு டீக்கடையில் நடந்ததை மகள் பார்த்தாள். பால் வாங்கப் போனவள் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாத்தியார், நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்புறம் எப்படி தெருவில் எண்பது பேர் நூற்றுக்கு எட்டுப் பேர் ஆனார்கள் என்று முடிதிருத்துபவர் கேட்டார். வெட்டின முடிகூட எங்கே விழுந்தது என்று தெரியும், எழுதின ஆள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லையே என்றார். யாரோ சிரித்தார்கள். உலைக்காரர் சிரிக்கவில்லை.

"என் பேர்ல என்ன எழுதினே? மத்தவங்க கதை எனக்கு வேணாம். என் ஒருத்தனோடது மட்டும் சொல்லு."

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு கடவுள் பேர்ல சத்தியம் பண்ணிருக்கேன். அதுல நீயும் சேர்த்திதான். கேக்காதே."

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் சத்தியத்தைக் கொஞ்சம் வளைத்திருப்பார். வளைத்திருந்தாலும் கடவுள் கோபித்திருக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வாத்தியார் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு விளிம்பு எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாதவர். தெருவுக்கோ அவருடைய மௌனம் ஒப்புதலாகத்தான் தெரிந்தது. மேலதிகாரியிடம் நல்ல பேர் வாங்க எல்லாரையும் விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். நம்பி வாயைத் திறந்தோம், நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான் என்று உலைக்காரர் அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் வாத்தியாரின் பேரை வீட்டில் எடுக்கவே இல்லை.

பிள்ளைகளைச் சாயங்காலப் பாடத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மகளும் நின்றுவிட்டாள். பின்னம் என்றால் என்ன என்று ஒரு ரொட்டியைப் பிய்த்து அவளுக்குக் காட்டியவர் அவர்தான். எதிரே வந்தால் அவள் தெருவின் மறுபுறம் போய்விடுவாள். முதலில் அப்பா சொன்னதற்காக அப்படிச் செய்தாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

அந்த மகளுக்கு இப்போது முப்பத்தெட்டு வயது. புள்ளியியல் அலுவலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை. ஐம்பது வருடத்தில் நடந்த ஆறு கணக்கெடுப்புகளையும் வைத்து, ஆண்களின் வேலையின்மை எப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்று ஓர் அத்தியாயம் எழுதும் பொறுப்பை இயக்குநர் அவளிடம் கொடுத்திருந்தார். அவருக்கு ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. இந்த நூல் வந்துவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு வருடமாக அவர் அவளுக்கு அண்ணன் மாதிரி. அவளுடைய கல்யாணத்தில் பந்தல்வரை வந்து நின்று வேலை பார்த்தவர். அவள் தப்பாகப் போட்ட முதல் அட்டவணையை, யாருக்கும் தெரியாமல் தானே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தவர்.

அவள் பிறந்த பகுதியின் வரிசை கையில் வந்தபோது நின்று பார்த்தாள். ஒன்பது, ஏழு, எட்டு, பன்னிரண்டு, பதினொன்று, பத்து. மூன்றாவதாக நின்ற அந்த எட்டு, ஃபாக்டரி மூடிய வருடத்தின் எண். உலை அணைந்த வருடத்தில் ஒரே ஒரு புள்ளி ஏறியிருக்கிறது. சிறு வயதில் அந்த எட்டைக் கேட்டு வளர்ந்தவள் அவள். வாத்தியாரின் துரோகம் அவள் மேசையில் அச்செழுத்தில் கிடந்தது.

அதை ஒதுக்கிவிட்டுத் தொழில்வாரிப் பட்டியலைப் புரட்டினாள். இரண்டாம் கணக்கெடுப்பில் அந்தப் பகுதியில் ஆண் தையல்காரர்கள் மூன்று பேர். நாலாவதில் ஐந்து பேர். மூன்றாவதில் எழுபத்துநாலு பேர்.

எழுபத்தொரு ஆண்கள் ஒரே மூச்சில் தையல் கற்றுக்கொண்டு, பத்து வருடத்தில் ஒரே மூச்சில் மறந்திருக்கிறார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தெருவில் ஒருத்தர் சட்டையிலாவது பொத்தான் ஒழுங்காக இருந்ததில்லை. பிறகு சிரிப்பு நின்றது.

அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு கீழே ஆவண அறைக்குப் போனாள். மூன்றாம் கணக்கெடுப்பின் கட்டுகள் சுவரோரம் இரும்பு அலமாரியில் இருந்தன. அந்தத் தெருவின் கட்டைப் பிரித்தபோது முதலில் கண்ணில் பட்டது வாத்தியாரின் கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் கரும்பலகையில் எழுதியதுபோல் தனித்தனியாக நின்றது. வீடு வீடாகப் புரட்டினாள். வேலை இல்லை, தேடுகிறார். வேலை இல்லை, தேடுகிறார். எண்பத்தாறு பேருக்கு அப்படி எழுதியிருந்தது. அதில் எழுபத்தொரு பேருடைய வரியின் மேல் பச்சை மையில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, "சுயதொழில், தையல்." பக்கத்தில் இரண்டு எழுத்தில் ஒரு சுருக்கொப்பம்.

அவளுடைய வீட்டுத் தாள் நாற்பத்து மூன்றாவதாக இருந்தது. உலைக்காரரின் வரியிலும் பச்சைக் கோடு. அதற்குக் கீழே அம்மாவின் வரியில் வாத்தியார், "வீட்டிலிருந்து தையல், நாளுக்கு ஒன்பது மணி நேரம்" என்று எழுதியிருந்தார். அதையும் அடித்து, "வீட்டு வேலை" என்று மாற்றியிருந்தது. வீட்டிலுள்ள பொருட்கள் என்ற கட்டத்தில் "தையல் மெஷின் 1" என்பதைச் சுற்றிப் பச்சையில் வட்டம் போட்டிருந்தது.

அவளுக்குப் புரிந்தது. ஃபாக்டரி மூடிய பிறகு ஒரு துணிக் கம்பெனி சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கும் வேலையை அந்தத் தெருப் பெண்களுக்குக் கொடுத்து, மெஷின்களையும் அதுவே கொண்டுவந்து இறக்கியது. மெஷின் இருந்த வீட்டிலெல்லாம் பெண் தைத்ததை எடுத்து ஆணின் பேரில் எழுதிவிட்டார்கள்.

கட்டின் அடியில் ஒரு விண்ணப்பமும் இருந்தது. வாத்தியார் எழுதியது. தான் எழுதிக் கொடுத்த தாள்களைத் தான் ஒருமுறை பார்க்க மட்டும் அனுமதிக்க வேண்டும், எதையும் நகல் எடுக்கவோ வெளியே சொல்லவோ மாட்டேன் என்று பணிந்து கேட்டிருந்தார். அதன் ஓரத்தில் பச்சையில், "சட்டப்படி இயலாது. மீண்டும் வந்தால் ரகசியக் காப்பு மீறலாகக் கருதப்படும் எனச் சொல்லவும்." அதே சுருக்கொப்பம்.

அந்த ஒப்பத்தை அவள் பதினொரு வருடமாகத் தினமும் பார்க்கிறாள். அவளுடைய விடுப்புச் சீட்டுகளில் இருப்பது அதுதான்.

மறுநாள் இயக்குநரின் அறைக்கு வெறுங்கையோடு போனாள். கட்டை வெளியே எடுக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு போகவும் அவசியம் இருக்கவில்லை. தையல்காரர்கள் என்ற ஒரு சொல்லிலேயே அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அவர் அப்போது சரிபார்ப்புப் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்ததாம். போன கணக்கெடுப்பைவிட ரொம்ப வித்தியாசமாக ஒரு பகுதி வந்தால் அது எழுதியவரின் பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்த வேண்டும் என்பது மேலிருந்து வந்த விதி. எப்படித் திருத்துவது என்றும் விதி இருந்தது. வீட்டில் தொழில் செய்யும் மெஷின் இருந்தால் அங்கே தொழில் இருக்கிறது, தொழிலைக் குடும்பத்தலைவர்தான் செய்கிறார். அவர் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தாராம். வேகமாக முடித்ததற்காகப் பாராட்டுக்கூடக் கிடைத்ததாம்.

அவர் எதையும் மறைக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. மறைத்திருந்தால் ஒரு வார்த்தையாவது கோபமாகப் பேசியிருக்கலாம்.

"நான் அந்தத் தெருன்னு உங்களுக்கு எப்போ தெரியும் சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "உன் வேலை விண்ணப்பத்தைப் பார்த்த அன்னிக்கே தெரியும்மா. உன்னைவிட ரெண்டு மார்க் கூட வாங்கினவ ஒருத்தி இருந்தா. விலாசத்தைப் பார்த்துட்டு உன்னைத்தான் எடுத்தேன்."

பதினொரு வருடமும் அவளுடையதாக இல்லாமல் போன மாதிரி இருந்தது அவளுக்கு. கல்யாணப் பந்தலில் அவர் பாடுபட்டது, அட்டவணையைச் சரிசெய்து கொடுத்தது எல்லாமே எழுபத்தொரு பேருக்குத் தர வேண்டியதை ஒருத்தியின் கையில் சில்லறையாகக் கொடுத்தது போலிருந்தது. அதை வாங்கிக்கொண்டு வாழ்ந்தவள் என்ற நினைப்பில் நாக்கு கசந்தது.

மூன்றாம் கணக்கெடுப்பின் எண்ணை மாற்றிப் போட வேண்டும் என்று கேட்டாள். முடியாது, வரிசையே உடைந்துவிடும், ஒரு பகுதியை மாற்றினால் மற்றதெல்லாம் என்ன என்று கேட்பார்கள் என்றார். கேட்கட்டும் என்றாள். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். அப்படியானால் அத்தியாயத்தில் தன் பேர் இருக்கக் கூடாது, தான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். கையெழுத்து இல்லாமல் நூல் அச்சுக்குப் போகாது. கடைசியில், ஓர் அடிக்குறிப்பு வேண்டுமானால் போட்டுக்கொள் என்றார். அதை யார் படிக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார்.

அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள். ஒருத்தர் பேரோ ஒரு வீட்டு எண்ணோ வராமல், சத்தியத்தை மீறாமல், மொத்தக் கணக்கை மட்டும் எழுதினாள். "மூன்றாம் கணக்கெடுப்பில் இப்பகுதியில் வேலையில்லாதோர் என எழுதப்பட்ட 86 ஆண்களில் 71 பேர், வீட்டில் தையல் இயந்திரம் இருந்ததன் காரணமாகத் தையல்காரர் என மாற்றப்பட்டனர்." தாளை நீட்டினாள். அவர் படித்தார். திருப்பித் தரவில்லை. பேனாவை எடுத்து, "மாற்றப்பட்டனர்" என்பதற்கு முன்னால் "அலுவலகத்தில்" என்று நுழைத்தார். கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "கணக்கெடுப்பாளர் எழுதியதே சரி."

அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல வரவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனிதர்கள் செய்யும் நல்லதில் பெரும்பாதி இப்படித்தான், காலம் கடந்து, அரைகுறையாக, நாலு சொல்லில் வருகிறது. அதையும் கடவுள் தள்ளிவிடுவதில்லை என்று நம்புகிறேன்.

நூல் வெளிவந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து அப்பாவின் முன்னால் வைத்தாள். உலைக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. இருபது வருடம் ஒரு கிடங்கில் காவலாளியாக இருந்து ஓய்ந்தவர். உலைக்கு முன்னால் நின்றே பழகிய கண்களைச் சுருக்கிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். எட்டு என்ற எண்ணில் விரலை வைத்து, "இதைக் காட்டத்தான் கொண்டுவந்தியா," என்றார். அவள் அவருடைய விரலைப் பிடித்துப் பக்கத்தின் அடிக்கு நகர்த்தினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். அம்மா எட்டிப் பார்த்து, அவளும் படித்தாள்.

"நீங்க தையல்காரரா?" என்றாள் அம்மா. "கல்யாணமாகி வந்த நாளா ஊசில நூல் கோத்துக் குடுத்ததில்ல."

அம்மா மறுபடி படித்தாள். இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. "அப்போ நான் தைச்சதெல்லாம் எங்கடி போச்சு?"

அந்தத் தாளில் பார்த்ததைச் சொல்லும் உரிமை மகளுக்கு இல்லை. "அதுக்கும் ஒரு அடிக்குறிப்பு போடணும்மா," என்று மட்டும் சொன்னாள். வாத்தியார் முப்பது வருடம் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது அவளுக்கு.

உலைக்காரர் ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த நாள் பகல், அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள், மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நூலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பதினொரு வீடு தள்ளித்தான் அந்த வீடு. வெயிலுக்குத் தெருவில் ஆள் இல்லை.

கதவு சாத்தியிருக்கவில்லை. வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து வானொலியைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெளுத்திருந்தது. யாரது என்றார்.

"உலை."

வாத்தியார் வானொலியை அணைத்தார். உட்காரச் சொல்லக் கையை நீட்டினார், நாற்காலி இருந்த பக்கம் இல்லை, வேறு பக்கம். உலைக்காரர் நாற்காலியை இழுத்து அந்தக் கை காட்டிய இடத்திலேயே போட்டு உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் கேக்க வரல. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "கவர்மென்ட்டு புஸ்தகத்துல ஒண்ணு போட்ருக்கான். உன்னால படிக்க முடியாது. ரொம்பச் சின்ன எழுத்து. நான் படிக்கிறேன்."

படித்தார். அவர் படித்துப் பழக்கமில்லாதவர். "இயந்திரம்" என்ற சொல்லில் தடுக்கி, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வந்தார். கடைசி மூன்று சொல்லுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டார். கணக்கெடுப்பாளர் எழுதியதே சரி.

வாத்தியார் அசையவில்லை. வெளுத்த கண்களிலிருந்து நீர் இறங்கித் தாடியில் போய் மறைந்தது. துடைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

"என்னை மன்னிச்சிடு," என்றார் உலைக்காரர்.

வாத்தியார் கையை நீட்டிப் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கடைசி வரியை இன்னொரு தடவை படி," என்றார்.

உலைக்காரர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்து, முதல் வரியிலிருந்தே படிக்க ஆரம்பித்தார்.